ஷூ லேஸ் கட்டிய கிடா

அந்தச் சைக்கிளுக்குக் கிடா என்று பெயர் வைத்தது தன்சீல்தான். அதன் ஹேண்டில் முன்னால் போய், கீழே வளைந்து, மறுபடி பின்னால் திரும்பியிருந்தது. பார்த்தால் அசல் கிடா ஆட்டின் கொம்பு. பெயர் வைத்தபோது தன்சீலுக்கு வயது ஐந்து. ஐந்து வயதுக்காரன் ஒரு பெயர் வைத்துவிட்டால் அதை மாற்ற யாராலும் முடியாது.

கிடா ஆம்பூரில் பிறந்ததில்லை. எந்தத் தேசத்திலோ பிறந்து, தோல் தொழிற்சாலைக்கு மெஷின் மாட்ட வந்த ஒரு வெள்ளைக்காரரோடு இங்கே வந்தது. அவர் ஊருக்குத் திரும்பும்போது சைக்கிளை விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தொழிற்சாலையும் ஒருநாள் மூடிவிட்டது. கிடா மட்டும் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் துருப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பியவர் அஃப்ஸர் ஜஹான் ஃபூபி. ஃபூபி என்றால் அத்தை. தன்சீலுக்கும் அவன் அக்கா ஹஃப்ஸாவுக்கும் அப்பாவின் தங்கை. ஷூ கம்பெனியில் அவருக்கு சாம்பிள் தைக்கிற வேலை. ஒரு புது மாடல் ஷூ எப்படி இருக்க வேண்டும் என்று முதல் ஜோடியைத் தைத்துக் காட்டுவது அவர்தான்.

ஃபூபி கிடாவை உருட்டிக்கொண்டு வந்தபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை வீட்டுக்குள்ள கொண்டு வர்றியே, அஃப்ஸர்?"

ஃபூபி சிரித்தார். பிறகு சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தி, துருவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அதுதான் வேலை. ஃபூபியும் பிள்ளைகளும் சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார்கள். துருவுக்கு அடியிலிருந்து மயில் கழுத்து நீலம் எட்டிப் பார்த்தது. கம்பெனியில் மிஞ்சிய மெல்லிய ஆட்டுத்தோலை நாடா நாடாக வெட்டி, கொம்புகளுக்குச் சுற்றினார்கள். பிரேக் ஒயரை வேலூர் லாங் பஜாரில் தேடிப் பிடித்து அனுப்பியவர் ஜெபராஜ் மாமா. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவருக்கும் பழைய சைக்கிள் என்றால் பைத்தியம்.

ஹஃப்ஸாவுக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஃபூபி பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். டிக் டிக் டிக் என்று அது தானாகவே ஓடும். கம்பிகள் எல்லாம் மறைந்து வெறும் வெளிச்சமாகிவிடும். சன்னல் வெயில் அதில் பட்டு, கூரை முழுவதும் நெளியும்.

ஹஃப்ஸா பாயில் மல்லாந்து படுத்துப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் கூரை பாலாறு ஆகிவிடும். மணல் மட்டும் கிடக்கிற பாலாறு இல்லை, இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிற பாலாறு. கிடா அதன் மேலே மெதுவாகப் போகும். ஹஃப்ஸா மிதிக்கவே மாட்டாள். ஒரு நாரை கூடவே பறந்து வந்து, எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்கும். பதில் சொல்வதற்குள் தன்சீல் அவள் காலை மிதித்துவிடுவான்.

ஃபூபிக்கும் ஒரு கனவு இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஆலங்காயம் பக்கம் டூர் போனார்கள். மலைச்சாலை இறக்கத்தில் ஒரு பெண் சைக்கிளில் வந்தாளாம். காலை அசைக்கவே இல்லையாம். துப்பட்டா பறக்க, பஸ்ஸோடு கூடவே இறங்கி வந்தாளாம். பஸ் சன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு ஃபூபி அவளையே பார்த்தாராம்.

"அந்த இறக்கத்துல ஒரு தடவ நானும் இறங்கணும், ஹஃப்ஸா. கால் சும்மா இருக்கணும். காத்து மட்டும் ஓட்டணும்."

அதற்கு ஒரு நாளும் வந்தது. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் வருடத்தில் ஒரு ஞாயிறு ஆம்பூரில் கூடி, வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் மலைச்சாலைக்குப் போவார்கள். இந்த வருடம் ஃபூபியும் வருகிறார் என்று ஜெபராஜ் மாமா எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபூபி கிடாவைத் தெருவில் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கியவர் கொஞ்சம் விந்தி விந்தி நடந்தார்.

"இன்னா ஃபூபி, நல்லா இல்லியா?" என்று ஹஃப்ஸா கேட்டாள்.

"ஓட்டறதுக்கு நல்லாத்தான் இருக்கு. சீட்தான் கடிக்குது."

அப்பா அதைக் கேட்டுவிட்டு, புது ஷூ மாதிரிதான், முதலில் கடிக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். ஆம்பூரில் எதைக் கேட்டாலும் ஷூவை வைத்துத்தான் பதில் சொல்வார்கள்.

ஹஃப்ஸா அன்று படுத்துக்கொண்டே யோசித்தாள். ஷூ கடித்தால் இந்த வீட்டில் என்ன செய்வார்கள்? கடிக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார்கள். தோல் மெத்தென்று ஆகிவிடும். சீட்டும் தோல்தானே? இவ்வளவு சுலபமான வைத்தியம் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை ஃபூபி வேலைக்குப் போனதும் எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். கொஞ்சம் தேய்த்தாள். தோல் குடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டது. பாவம், எத்தனை வருடத் தாகமோ! பாட்டில் காலியாகும் வரை ஊற்றி, தன்சீலின் உதவியோடு கிடாவை வெளியே தள்ளி, நல்ல வெயிலில் நிறுத்தினாள்.

மதியத்துக்குள் சீட் வெல்ல நிறத்தில் பளபளத்தது. விரலால் அழுத்தினால் ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பு மாதிரி மெத்தென்று உள்ளே போனது. ஃபூபி எவ்வளவு சந்தோஷப்படப் போகிறார் என்று நினைக்கவே ஹஃப்ஸாவுக்கு நெஞ்சு பொங்கியது.

ஃபூபி வந்தார். ஏறி உட்கார்ந்தார். சீட் தொட்டில் மாதிரி அப்படியே கீழே இறங்கியது. அடியில் இருந்த இரும்புக் கம்பி ஃபூபியை இடித்தது. ஃபூபி மெதுவாக இறங்கி, சீட்டைத் தொட்டுப் பார்த்து, கையை முகர்ந்தார்.

அந்த மாதிரிப் பழைய சீட்டில் ஸ்பாஞ்சு கிடையாது. முன்னாலிருந்து பின்னால் வரை விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரே ஒரு தடித்த தோல், அவ்வளவுதான். கயிற்றுக் கட்டிலில் கயிறு தளர்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகியிருந்தது. தோலை இழுத்துப் பிடிக்க சீட்டின் முன் நுனியில் ஒரு திருகு உண்டு. ஃபூபி அதைக் கடைசி வரை முறுக்கினார். போதவில்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிளின் ஸ்பாஞ்சு சீட்டை மாட்டிப் பார்த்தார்கள். கிடாவின் மெல்லிய குழாயில் அது நிற்காமல் சுற்றியது. ஜெபராஜ் மாமாவுக்குப் போன் செய்தால், இந்த மாதிரி சீட் சொல்லி வைத்தால்தான் வரும், நாளைக்குள் நடக்காது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்த வருடம். ஹஃப்ஸாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எண்ணெய் தேய்ச்சது நான்தான், ஃபூபி. கடிக்குதுன்னு சொன்னீங்களே, அதான்."

ஃபூபி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"எண்ணெய் தேய்ச்சது தப்பில்ல. குளிப்பாட்டி வுட்டியே, அதான் ஜாஸ்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. ஹஃப்ஸா அதைக் கவனித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஃபூபி உள்ளே போய், நாளைக்குப் போடத் தேய்த்து வைத்திருந்த பச்சை சல்வாரை மடித்து பீரோவில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து டொக் டொக் என்று ஒரு சத்தம். தன்சீல் அப்பாவின் கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் ஊர்வலம் வந்தான். நாலு அடி வைப்பதற்குள் ஷூ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் விழுந்தான். மறுபடியும் எழுந்தான், மறுபடியும் விழுந்தான்.

"இங்க வா," என்று ஹஃப்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை உட்கார வைத்தாள். லேஸை ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக்கி இழுத்தாள். தொளதொளவென்று இருந்த தோல் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, அவனுடைய சின்னக் காலைக் கவ்விப் பிடித்தது. தன்சீல் ஜம்மென்று நடந்து போனான்.

ஹஃப்ஸா நகரவில்லை. கிடாவின் சீட்டையே பார்த்தாள். சீட்டின் இரண்டு ஓரமும் ஆட்டுக் காது மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் அந்தக் காதுகளைப் பிடித்து, சீட்டுக்கு அடியில் ஒன்றோடொன்று சேர்த்து இழுத்தாள். மேலே குழிந்திருந்த தோல் விறைத்துக்கொண்டு எழும்பியது.

கையை விட்டாள். தொங்கியது. இழுத்தாள். எழும்பியது.

"ஃபூபி, இங்க வந்து பாருங்களேன்."

ஃபூபி வந்தார். ஹஃப்ஸா இன்னொரு முறை இழுத்துக் காட்டினாள்.

"லேஸ் போட்டுடலாம், ஃபூபி. ஷூ மாதிரி. இந்தக் காதுல ஓட்டை, அந்தக் காதுல ஓட்டை. நடுவுல இழுத்துக் கட்டிடலாம்."

ஃபூபி குனிந்து சீட்டின் அடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. ஓடிப் போய், தோலில் ஓட்டை போடும் பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்து வந்தார்.

அடிப்பதற்கு முன் ஹஃப்ஸா தடுத்தாள். ஊறிய தோல், இழுத்தால் கிழிந்துவிடாதா? ஷூவில் லேஸ் ஓட்டைக்குப் பின்னால் இன்னொரு தோல் வைத்திருப்பார்களே, அதை இங்கேயும் வைக்கலாமே என்றாள். கொம்புக்குச் சுற்றியது போக மிஞ்சிய ஆட்டுத்தோல் இருந்தது. ஃபூபி அதைத் துண்டு துண்டாக வெட்டி உள்பக்கம் ஒட்டினார்.

டக், டக், டக். இரண்டு காதுகளிலும் வரிசையாக ஓட்டைகள் விழுந்தன. லேஸை யார் கோப்பது என்ற கேள்வியே எழவில்லை. ஹஃப்ஸா தரையில் மல்லாந்து படுத்து, கிடாவுக்குக் கீழே நகர்ந்து போய், அப்பாவின் ஷூவிலிருந்து உருவிய கறுப்பு லேஸைக் கோத்து இழுத்து, கடைசியில் இரட்டை முடிச்சுப் போட்டாள். பிறகு பழைய துணியால் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள்.

ஃபூபி பிஸ்மில்லா சொல்லி ஏறி உட்கார்ந்தார். சீட் இறங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தி உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை.

பச்சை சல்வார் பீரோவிலிருந்து வெளியே வந்தது.

மறுநாள் விடியற்காலையில் தெருமுனையில் பழைய சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஜெபராஜ் மாமா கிடாவின் அருகில் வந்து மூக்கை உறிஞ்சி, யார் வீட்டில் இப்போதே பலகாரம் சுடுகிறார்கள் என்று கேட்டார். பிறகு குனிந்து, எக்ஸ்ரே எடுப்பவர் மாதிரியே சீட்டின் அடியை உற்றுப் பார்த்தார். அவர் கூப்பிட, மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஃபூபி ஹஃப்ஸாவை முன்னால் தள்ளி நிறுத்தி, இந்த வேலை இவளுடையது என்றார்.

மணிகள் அடித்தன. டிக் டிக் டிக் என்று கிடா கிளம்பியது. நீலமும் பச்சையுமாகத் தெரு திரும்பி மறையும் வரை ஹஃப்ஸா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று அப்பா ஒரு நிக்காஹுக்கு, கல்யாணத்துக்கு, செருப்புப் போட்டுக்கொண்டு போனார். லேஸ் இல்லாத ஷூவை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

ஹஃப்ஸா பகல் முழுவதும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். முடிச்சு அவிழ்ந்திருக்குமோ, தோல் கிழிந்திருக்குமோ என்று மறுபடி மறுபடி தெருவை எட்டிப் பார்த்தாள்.

வெயில் சாயும்போது கிடா வந்தது. ஃபூபியின் முகமெல்லாம் புழுதி. ஹஃப்ஸா முதலில் சீட்டுக்கு அடியில்தான் பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

"இறக்கத்துல எப்படி இருந்துச்சு, ஃபூபி?"

ஃபூபி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா புரியாது. ஏறு."

முன் கம்பியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு ஹஃப்ஸாவை உட்கார வைத்துக்கொண்டார். தெருவைக் கடந்து, ஆற்றுப் பாலத்தின் மேட்டில் மூச்சு வாங்க ஏறினார்கள். மேலே போனதும் ஃபூபி மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

டிக் டிக் டிக்.

கிடா தானாகவே இறங்கியது. காற்று ஹஃப்ஸாவின் காதில் நுழைந்து முடியைக் கலைத்தது. கீழே பாலாற்றில் வெறும் மணல்தான். ஆனால் சாயங்கால வெயில் மணல் முழுவதும் நெளிந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் அது தண்ணீர்தான், இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற தண்ணீர். தூரத்தில் வெள்ளையாக ஏதோ பறந்தது. நாரையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹஃப்ஸா முடிவு செய்தாள்.

இறக்கம் முடிந்து சைக்கிள் மெதுவானதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஃபூபி, சீட் இன்னும் கடிக்குதா?"

"கொஞ்சம் கடிக்குது."

"முதல்ல கடிக்கத்தான் செய்யும்," என்றாள் ஹஃப்ஸா, அப்பாவின் குரலில். "போகப் போகச் சரியாயிடும்."

"அப்போ இன்னும் கொஞ்ச தூரம் போலாம்," என்று சொல்லிவிட்டு ஃபூபி மிதிக்க ஆரம்பித்தார்.