மூச்சு விடக்கூடாது!

வீட்டில் அவளை எல்லோரும் ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியில் எதைக் கற்றாலும் அன்றைக்கே தம்பிக்குப் பாடம் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

தம்பி புதுத் தொப்பியோடு கண்ணாடி முன் நின்றான். வெள்ளிக்கிழமை அவன் வகுப்பே படகு சவாரி போகிறது. தொப்பி அதற்காகத்தான்.

“போதும்டா அழகு பாத்தது. இங்க பாரு!”

வாயாடி மல்லாந்து படுத்தாள். முழங்காலை மடக்கி, புத்தகம் திணித்த பையை நெஞ்சோடு அணைத்து, மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “வயித்துக்கு பலம் வருமாம். உன்னால முடியாது.”

தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கொடு, நானும் செய்வேன்!”

‘முதல்ல எடை இல்லாம பழகணும்’ என்று பள்ளி உடற்பயிற்சி மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நினைவு இருந்து என்ன பயன்? வேடிக்கை பார்க்கும் ஆசை விடவில்லை. பையை அவன் நெஞ்சில் வைத்தாள். பக்கத்து அறையில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். மூச்சு விடக்கூடாது, என்ன?”

தம்பி பெரிதாகத் தலையாட்டினான். தம் கட்டி எழுந்தான். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது.

“ஐயோ, பலூன் மாதிரி இருக்கடா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுபடி எழுந்தான். முதுகு கோணியது. பை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

அம்மா ஓடி வந்தார். “என்னடா ஆச்சு?”

தம்பி வாயை இறுக மூடியபடி அழுதான்.

“விழுந்துட்டாம்மா,” என்றாள் வாயாடி. அம்மா அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“முதுகுல தசை பிடிச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா இந்த வாரம் படகு கிடகுன்னு எங்கயும் போகக்கூடாது,” என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் அவள் கிசுகிசுத்தாள். “ஏண்டா நிறுத்தல? அம்மா கேட்டப்பகூட ஏன் பேசல?”

“எப்படிப் பேசறது? நீதானே மூச்சு விடக்கூடாதுன்னு சொன்ன! அடக்கிக்கிட்டே இருந்தேன். தலை சுத்துச்சு.”

வாயாடிக்கு அப்போதுதான் புரிந்தது. யாரிடமும் சொல்லாதே என்ற பொருளில் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான்! எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும் என்றல்லவா மாஸ்டர் சொன்னார்? அதைச் சொல்லித் தராமல் சிரித்தோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

நேராக அம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா திட்டவில்லை.

“உன்னை நம்பித்தானே செஞ்சான்,” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை தம்பியின் வகுப்பு போகும் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டியது. தம்பி ஜன்னலோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

“மன்னிச்சுடுடா,” என்றாள்.

அவன் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

முதுகு சரியானதும், டாக்டர் சம்மதித்த பிறகு, இருவரும் பாயில் படுத்தார்கள். பை அலமாரியில் இருந்தது. தொப்பி ஆணியில் தொங்கியது. அந்தப் பக்கம் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

“வயித்தை இறுக்கு. கழுத்தை இழுக்காதே. மெதுவா...”

“மூச்சு விடலாமாக்கா?”

“விடுடா தங்கம், நல்லா விடு!”

“ஃபூ...!”

“அங்க என்ன சத்தம்?” என்றார் அம்மா பக்கத்து அறையிலிருந்து.

“அக்காதாம்மா மூச்சு விடச் சொன்னா!” என்று வீடே அதிரக் கத்தினான் தம்பி.