முழுமைக்கோடு

ஜெபக்கனி கைப்பிடிகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்தாள். குறைமானி ஒருமுறை முனகியது. திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி ஓடியது: 'புதிய முழுமைக்கோடு பதிவானது.' அதற்குக் கீழே அவளுடைய எண் வந்தது. முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டா? காலைப் பாத்துச்சா இல்லியா இது?"

"பாத்துட்டுக்கா. இடது கால் இல்லைங்கதுக்குத்தான் அந்த முப்பத்தெட்டு. மத்த எதுலயும் உங்களுக்குக் குறையே இல்லைன்னு சொல்லுது." இயந்திரத்தை இயக்கும் இசக்கிராஜ் நல்ல சேதி சொல்பவனைப் போலச் சிரித்தான். "கை ரெண்டையும் இரும்பு மாதிரில்லா வச்சிருக்கிய!"

"முப்பது வருசம் கட்டையை ஊனி நட. உனக்கும் வரும்."

நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் குறையாளர். நாற்பதுக்குக் கீழே இருந்தால் முழு ஆள். இடையில் எதுவும் கிடையாது. முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் குழுவின் முன்னால் போய், வெட்டிய கால் மறுபடி முளைக்கவில்லை என்று அவள் காட்டிவிட்டு வருவாள். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே அறுபது என்று எழுதுவார்கள். போலிச் சான்றிதழ்கள் பெருகிவிட்டன என்று கூச்சல் எழுந்த பிறகு குறைமானி வந்தது. கை, கால், முதுகு எல்லாவற்றின் வலுவையும் நரம்பு வழியாகவே அளந்துவிடும். அதனிடம் நடிக்க முடியாது.

உப்புக் கிடங்கில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் அவளுக்கு வேலை. அது குறையாளருக்கு ஒதுக்கப்பட்ட இடம். முழு ஆளாகிவிட்டதால் தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும். மேல்முறையீடு அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்.

மின்தூக்கி குறையாளருக்கு மட்டும். அதன் கதவிலும் ஒரு கைப்பிடி இருந்தது. பிடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

படியில் உட்கார்ந்தாள். ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். அறுபத்தாறு படிகள். இறங்கி வந்த ஒருவர் அவளைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

முறையீட்டு அலுவலர் ஆறுமுகநயினார் அவள் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"சந்தோசப்படணும்மா நீங்க. எத்தனை பேரு முழு ஆளுன்னு பேரு வாங்கணும்னு ஏங்குதாங்க."

"சார், ஒண்ணு கேக்கேன். இந்த மிசினுக்கு முழு ஆளு யாரு? எதை வச்சு இது குறைன்னு சொல்லுது?"

அலுவலருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். முழு மனிதனின் அளவு என்ன என்று சொல்ல எந்த நிபுணரும் துணியவில்லை. நாளை வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது? அதனால் இயந்திரமே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கைக்கு மாவட்டத்திலேயே அதிகமாகப் பதிவாகும் வலு எதுவோ, அதுவே கையின் முழுமைக்கோடு. காலுக்கும் முதுகுக்கும் அப்படியே. நாளுக்கு நாள் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

"பதிவுக்கு யாரெல்லாம் வாராங்க?"

"யாரு வருவா? உங்கள மாதிரி ஆளுங்கதான்."

ஜெபக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், தெனமும் காலைல மேடையில ஒண்ணுமில்லாதப்போ நான் எடையைச் சுழியத்துல வைப்பேன். ஒருநா புதுசா வந்த பய லோடு ஏறுன லாரி நிக்கும்போதே வச்சிட்டான். அன்னைக்கு வந்த வண்டி பூரா எடை குறைச்சலாக் காட்டிச்சு. டிரைவருங்க அடிக்க வந்துட்டாங்க. உங்க மிசினும் அப்படித்தான் நிக்கி. கால் இல்லாதவன் கையால வாழுதான். கை இல்லாதவன் காலால எழுதுதான். எங்ககிட்ட இருக்கதுலயே பெலமானதைப் பொறுக்கி எடுத்து, அதைச் சேர்த்து ஒரு முழு ஆளு பண்ணி வச்சிருக்கிய. அப்படி ஒருத்தன் எந்த ஊர்லயும் கெடையாது. வேணும்னா நீங்க ஏறி நின்னு பாருங்க."

அவர் சிரித்தார். மேசையோரம் இருந்த சிறிய குறைமானியின் கைப்பிடியைச் சும்மாதான் பிடித்தார்.

நாற்பத்துமூன்று.

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். நாற்பத்துமூன்று. கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை வெளியில சொல்லாதீங்கம்மா" என்றார்.

"நான் சொல்லல சார். கோட்டைத் திருத்துங்க. என் வேலை இருந்தாப் போதும்."

"எழுதுதேன். கண்டிப்பா எழுதுதேன். தொண்ணூறாம் நாள் விசாரணைக்கு வாங்க."

அவர் எழுதினார். ஆனால் அன்று மாலை மின்தூக்கியின் கைப்பிடியையும் பிடித்துப் பார்த்தார். பச்சை எரிந்தது. அதை இரண்டு எழுத்தர்கள் பார்த்தார்கள். மறுநாள் அலுவலகம் முழுவதும் பிடித்தது. ஒரு மாதத்தில் மாவட்டமே பிடித்தது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களில் நாற்பதைத் தாண்டாதவர்கள் அரிதாக இருந்தார்கள். முதலில் சிலர் அழுதார்கள். கல்யாணப் பேச்சுகள் நின்றன. பிறகு பேருந்தில் இருக்கை கிடைத்தது, கட்டணம் குறைந்தது, அழுகையும் நின்றது.

நாற்பது ஆண்டுகளாக இடமில்லை என்று சொல்லப்பட்டுவந்த சாய்தளங்கள் நாற்பது நாளில் எழுந்தன. கோட்டைத் திருத்தும் கடிதம் மேசை மேசையாகப் போனது. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு குறையாளர் உட்கார்ந்திருந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேரிடம் போய் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்ல எந்த வேட்பாளருக்கும் மனம் வரவில்லை.

எடைமேடைக்கு நாற்பத்தொன்று வாங்கிய ஒருவன் தேர்வாகியிருந்தான். வேலை எப்படி என்று அவளிடமே வந்து விசாரித்தான். அவளுக்காகத் தாழ்த்திப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, முட்டி இடிக்கிறது என்றான். பேருந்து வந்துவிட்டது என்று ஓடிப்போனான்.

தொண்ணூறாம் நாள் வந்தது. மின்தூக்கியின் முன்னால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதுமாக மாட்டிக்கொண்டவர்கள். படிகள் காலியாகக் கிடந்தன. மூன்று மாதத்தில் ஒன்பது முறை அவளை அழைத்துத் தாள் கேட்டிருந்தார்கள். ஒன்பது முறையும் ஏறியிருந்தாள். இன்று நடுவில் ஒரே இடத்தில்தான் ஓய்வெடுத்தாள்.

ஆறுமுகநயினார் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டியளா! குடுத்து வச்சவங்க நீங்க. நாங்க லிப்டுக்கு நின்னே சாகுதோம்."

"கடிதம் என்னாச்சு சார்?"

"போயிருக்கு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "மறுஅளவு ஒண்ணு எடுத்துருவோம். நாற்பது வந்துட்டா இங்கேயே கையெழுத்துப் போட்டுருவேன்."

மேலே வரவழைக்கப்பட்ட இசக்கிராஜ் மேசைக் குறைமானியின் கைப்பிடிகளைத் துடைத்துக் கொடுத்தான். குனிந்து மெல்லச் சொன்னான். "அக்கா, தளத்திப் பிடிச்சாக் கண்டுபிடிச்சிரும். முறையீட்டையே தள்ளிருவாங்க. முழுசாப் பிடிங்க."

அவள் முழுசாகப் பிடித்தாள். அறுபத்தாறு படிகளை ஒன்பது முறை ஏறிய கைகள். குறைமானி முனகியது. மஞ்சள் வரி ஓடியது. 'புதிய முழுமைக்கோடு பதிவானது.'

முப்பத்தெட்டு.

சில நொடிகளில் கீழேயிருந்து ஆரவாரம் எழுந்தது. அவள் பிடியில் கோடு ஏறிவிட்டது; கீழே நின்றவர்களின் குறையும் கூடவே ஏறிவிட்டது. "தொறந்துட்டு! எனக்கும் தொறந்துட்டு லே!" என்று யாரோ கத்துவது மூன்று மாடிக்கும் கேட்டது.

அவள் படிப்படியாக இறங்கி வந்தபோது கூட்டம் புதிதாக வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. ஒரு வாட்டசாட்டமான ஆள் கடைசிப் படியை ஒரே தாவலில் தாண்டி வந்து அவளுக்கு முன்னால் நின்றான். அவள் ஊன்றுகோல்களை அக்குளில் கொடுத்து எழுவதைக் கொஞ்சநேரம் பொறுமையாகப் பார்த்தான்.

"கொஞ்சம் ஒதுங்குங்கக்கா" என்றான். "இது குறையாளர் வரிசை."