நபீஸா நின்ற பிணை

டிசம்பர் 3, காலை 6.10. வெள்ளம் வடிந்துகொண்டிருந்த வாவியில், கண்டல் வேர்களுக்குள் நிஸ்தாரின் உடல் சிக்கிக் கிடந்தது. தோணி கவிழ்ந்த சாவு என்றார் வைத்தியர். காத்தான்குடியில் வாடகைக் கடையில் துணி விற்ற மனிதர். அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். எஸ்.ஐ. சதீசனும் வழக்குக் கோப்பை மூடிவிட்டார்.

ஜனவரி 24, காலை 9.30. நிஸ்தாரின் ஊர்க்காரி நபீஸா ஒரு கடிதத்தோடு பொலிசுக்கு வந்தார். கடைச் சொந்தக்காரன் றிஸ்லானின் சட்டத்தரணி அனுப்பியது. நிஸ்தாரின் மூன்று வருட ஒப்பந்தத்துக்கு நபீஸா பிணையாளியாம். மிச்ச வாடகையைக் கட்டாவிட்டால் வீட்டின் மேல் வழக்காம்.

"வாடகைக்கு இருந்தவர் மௌத்தாகிட்டார். நான் ஏன் சேர் கட்ட?"

"பிணை எண்டா அதுதான் உம்மா. அவர் கட்டாட்டி நீங்க கட்டணும். மௌத்தானாலும் பிணை நிக்கும் எண்டு இதில எழுதியிருக்கு." சதீசன் ஒப்பந்தப் பிரதியைக் காட்டினார். "இது உங்கட ஒப்பமா?"

"என்டதான். ஆனா இதில நான் வெக்கல்ல."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சதீசன் சிரிக்கவில்லை. வாக்குமூலம் எழுத அடையாள அட்டையைக் கேட்டார்.

"பழசு வெள்ளத்தில போயிட்டு சேர். இது புதிசு."

பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்திருக்கும். இதில் பன்னிரண்டு இலக்கம். வழங்கிய திகதி டிசம்பர் 20.

"வீட்டில ஆர் இருக்கா?"

"நான் மட்டும்தான். வாற பெப்ரவரி ரெண்டோட என்ட புருசன் மௌத்தாகி ஒரு வருசம்."

"இந்த அட்டையை ஆருக்கும் குடுத்தீங்களா?"

"றிஸ்லான்தான் இந்த மாசம் நிவாரண அரிசி தந்தார். போட்டோக் கொப்பி எடுத்து, வெறுந்தாளில ஒப்பமும் வாங்கினார். அண்டைக்கு அவருக்காக அல்லாஹ்விட்ட துஆக் கேட்டன் சேர்."

காலை 11.15. றிஸ்லானின் கடை.

"நபீஸா எப்ப ஒப்பம் வெச்சா?"

"அதிலயே இருக்கே சேர், போன மார்ச் பதினாலு. இந்தக் கதிரையிலதான் இருந்தா."

"புருசன் மௌத்தாகி நாப்பதாம் நாள். இத்தாவில இருந்த பொம்பிளை வாசலைத் தாண்டி உங்கட கதிரைக்கு வந்தாவா?"

நாலு மாதமும் பத்து நாளும் விதவை வெளியே இறங்காத வழக்கம் றிஸ்லானுக்குத் தெரியாததல்ல. நிஸ்தாருக்குக் கடை கொடுத்த திகதியையே பிணைக்கும் போட்டவன், நபீஸா வீட்டு மௌத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

"மறந்துட்டன் சேர். நிஸ்தார்தான் வீட்ட கொண்டுபோய் வாங்கி வந்தான். கள்ளம் எண்டா அது அவன்ட வேலை."

"விபரமெல்லாம் அவரா நிரப்பினது?"

"ஓம். நான் ஒரு எழுத்தும் தொடல்ல."

சதீசன் தாளை அவன் முன் விரித்தார். எல்லோரும் ஒப்பத்தைத்தான் பார்த்தார்கள். அதற்கு மேலே இருந்த அடையாள அட்டை இலக்கத்தில் சதீசன் விரலை வைத்தார். பன்னிரண்டு இலக்கம்.

"இந்த அட்டை வந்தது டிசம்பர் இருபது. நிஸ்தாரை அடக்கினது டிசம்பர் மூண்டு. மையித்து எழும்பி வந்து எழுதினதா? நீங்கதான் றிஸ்லான். அரிசிக்கு வெச்ச ஒப்பத்துக்கு மேல பிணையை எழுதிப்போட்டு, வாய் பேச ஏலாதவர்ட தலையில பழியையும் போட்டீங்க."

சதீசன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, றிஸ்லானைப் பொலிசுக்குக் கூட்டிப் போனார்.

பிற்பகல் 3.00. பொலிசில், வீடு தப்பிய செய்தியைக் கேட்டு நபீஸா கண்ணைத் துடைத்தார். எழும்பிப் போகவில்லை.

"நிஸ்தார்ட பொஞ்சாதி றுக்ஷானாவும் இப்ப இத்தாவில. மூண்டு பிள்ளையள். இத்தா முடிய வீட்டை விடணுமாம். புது வீட்டுக்குப் பிணை கேக்காங்க. நிக்க ஒருத்தரும் இல்ல."

"இவ்வளவு பட்ட பிறகும் பிணையா உம்மா? அவ கட்டாட்டி உங்கட வீட்டுக்குத்தான் வருவாங்க."

"தெரியும். இப்ப நல்லாத் தெரியும். தாளைக் கொண்டு வாறன். ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டுங்க. பிறகு ஒப்பம் வெக்கிறன்."

சதீசன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கொண்டு வாங்க."