கட்டில் கம்பியில் தடவிய பசை

ஸ்விட்சின் மேல் பச்சையாக ஏதோ மினுங்கியது.

வேலை முடிந்து வீடு வந்த நர்ஸ், ஊதா விளக்கைச் சார்ஜில் போடுமுன் எரிகிறதா என்று பார்க்கத்தான் அறையை இருட்டாக்கினாள். ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு அவள் பொறுப்பு. காலையில், தனி அறையில் ஓயாமல் இருமிக்கொண்டிருந்த நோயாளியின் கட்டில் கம்பியில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத, ஊதா வெளிச்சத்தில் மட்டும் பச்சையாக மினுங்கும் பசையைத் தடவியிருந்தாள். கம்பியைச் சரியாகத் துடைக்காமல் ஏய்த்தால் இந்த விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். பசையால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பசை வந்த வழியில், அந்தக் கம்பியில் தெறித்த சளியும் வந்திருக்கும்.

எப்படி வந்தது? முழங்கைவரை சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டுத்தானே கிளம்பினாள்! ஊருக்கெல்லாம் கை கழுவப் பாடம் எடுக்கிறவள்.

அடுக்களையில் பால் காய்ந்த வாசனை. ஃபிரிட்ஜ் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்க, விளக்கை நீட்டியபடி சுவரோரமாகவே நடந்தாள். தாழ்ப்பாளில் பச்சை. குழாயில் பச்சை.

"இருட்டுல என்ன பண்றே?" கணவன் வந்து நின்றான். அவன் மூக்கோரம் விரல் தடம் பளிச்சென்று எரிந்தது.

"லைட்டப் போடாதீங்க. பாப்பா தூங்கிட்டாளா?"

"எங்க தூங்குறா? வந்ததும் தூக்கிக் கொஞ்சினியே, அதுலேருந்து ஒரே ஆட்டம்."

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, விளிம்புக்கு விளிம்பு பச்சை. நோயாளியின் பக்கம் குனிந்தபோதெல்லாம் அது கம்பியில் உரசியிருக்கிறது. கையைக் கழுவினாள். அட்டையை யார் கழுவுவார்கள்?

எத்தனை பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் பாப்பாவுக்கு அந்த அட்டையின் முனைதான் இனிக்கும். சற்றுமுன் கூட, தோளில் கிடந்தபடி, சப்புக்கொட்டிச் சப்பினாள்.

குறைமாதத்தில் பிறந்தவள். 'சளி மட்டும் பிடிக்காம பாத்துக்கங்கம்மா, நுரையீரல் தாங்காது' என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

தொட்டில் கம்பி. பச்சை.

போர்வை. பச்சை.

சின்ன விரல்கள். ஐந்தும்.

பாப்பா தும்மினாள். ஊதா வெளிச்சத்தில் பச்சைத் துளிகள் பொங்கி எழுந்தன. கீழே விழவில்லை. மிதந்தன.

"என்னடி ஆச்சு?" வாசலிலிருந்து கணவன் கேட்டான்.

அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் பாப்பா வாயை அகலத் திறந்து சிரித்தாள். உதட்டில் பச்சை. நாக்கில் பச்சை. அதற்குப் பின்னால், தொண்டைக்குள், வெளிச்சம் எட்டிய மட்டும் பச்சை.