மூன்றாவது வீட்டு வெளிச்சம்

மின்விசிறியின் வேகம் குறையத் தொடங்கும்போதெல்லாம் கூடத்தில் புகை வாசம் வந்தது. அடுப்புப் புகையல்ல. ரப்பர் ஷீட்டுகளை விறகுப் புகையில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் வருமே, புளிப்பும் தாரும் கலந்து தொண்டையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் அந்த வாசம். மாதவிக்கு அது அப்பாவின் பழைய வேலைச் சட்டைகளின் வாசமாகத்தான் பழக்கம். தோட்டத்துப் புகைக்கூடத்தை இடித்துச் செம்பனை நட்டு, அந்த மரங்களும் குலை தள்ளி ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டைகளையும் அவள் எப்போதோ கிழித்துத் துடைக்கிற துணியாக்கிவிட்டாள்.

விசிறி தளரும். விளக்கு மங்கும். அப்பாவின் நாற்காலிக்குக் கீழே இருக்கும் யூபிஎஸ் ‘பீப்’ என்று ஒருமுறை கத்தும். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். வாசமும் போய்விடும்.

அந்த யூபிஎஸ், செண்டாயானில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கணினிகளை மாற்றியபோது கழித்துப் போட்டது. புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தியவள் அவள்தான். கணினிக்கென்று செய்ததை ஆக்சிஜன் மெஷினுக்கு வைத்தது சரிதானா என்ற சந்தேகம் அன்றிலிருந்தே உண்டு. ஆனால் அது இல்லாவிட்டால் மின்னழுத்தம் இறங்கும் ஒவ்வொரு முறையும் மெஷின் நின்றுவிடும். மெஷின் நின்றால் அப்பா சந்திரனின் உதடுகள் நீலமாக அதிக நேரம் பிடிக்காது. அவசரத்துக்கு வைத்திருந்த சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் தோம்பும் தீர்ந்துவிட்டது. நாளைக் காலை தம்பின் டவுனுக்குப் போனால்தான் மாற்ற முடியும். அதுவரை அந்தக் கறுப்புப் பெட்டியை நம்பித்தான் அப்பாவின் மூச்சு.

மாதவி மாலை வகுப்பில் வீட்டு மின்னிணைப்பு படித்துக்கொண்டிருந்தாள். பழுது எங்கே என்று தெரியாதபோது எதையும் நம்பாதே, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வா என்று அங்கே சொல்லியிருந்தார்கள். குளிர்பெட்டியை விலக்கினாள். தண்ணீர் பம்பை விலக்கினாள். சுவிட்சுப் பலகையைத் திறந்து ஒவ்வொரு திருகையும் இறுக்கினாள். சரியாக இறுக்கவில்லையோ என்று மறுநாள் மறுபடி இறுக்கினாள். கரண்டு ஆபீஸ் ஆட்கள் பகலில் வந்து அளந்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பகலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொழுது சாயும்போதுதான் இறங்கியது.

வகுப்பில் கூடப் படிக்கும் அஃபீஃபை அழைத்தாள். தம்பினில் அவன் வாப்பாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து பேசினான். பின்னால் தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன.

“நியூட்ரல் லூசா இருக்கும் லா. உங்க லயத்துல வரிசையா மூணு வீடு, மூணும் வேற வேற ஃபேஸ், திரும்புற கம்பி மட்டும் ஒண்ணு. அது லூசானா ஒரு வீட்டுல இறங்கும், இன்னொரு வீட்டுல ஏறும். உன் வீட்டுல இறங்குதுன்னா எங்க ஏறுதுன்னு போய்ப் பாரு.”

“நான் தப்பா அளந்திருந்தா?”

“ஆரம்பிச்சிட்டியா. நீ பரீட்சையில சரியா எழுதுன விடையையே அடிச்சிட்டு வேற எழுதுன ஆளு. மீட்டரை நம்பு லா. பேய் எவனாவது இழுக்கிறான்னா அவன் பேருக்கு பில் அனுப்பு.”

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. ஏறும். அப்படியானால் யாருக்கோ கூடுதலாகக் கிடைக்கிறது.

நடுவீட்டில் தனலெட்சுமி அக்கா. போன மாதம் ஒரு பெரிய ஐஸ்பெட்டி வாங்கியிருந்தாள். மாதவி மின்னழுத்தம் அளக்கும் மீட்டரோடு போய் நின்றபோது அக்கா பசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முகத்தில் பவுடர் பாதிதான் பரவியிருந்தது.

“என்னடி, மீட்டரத் தூக்கிட்டு வந்து நிக்கிற? உங்க வீட்டுக் கரண்ட உறிஞ்சி நான் ஐஸ்கட்டி விக்கிறேன்னு நெனச்சியா?”

“அய்யோ, இல்லக்கா.”

அதைத்தான் நினைத்திருந்தாள்.

மீட்டரின் முனைகளைச் சுவர்ப் பிளக்கில் சொருகினாள். இருநூற்று நாற்பது வோல்ட். அசையாமல் நின்றது. அந்தச் சமயத்தில் சுவருக்கு அப்பால் தன் வீட்டு யூபிஎஸ் கத்துவது கேட்டது. இங்கே எண் அசையவேயில்லை. இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

“அப்ப மூணாவது வீடுதான்க்கா.”

பவுடர் பூசிய கை கன்னத்திலேயே நின்றது. “அங்க என்னடி இருக்கு? முருகையா அண்ணன் காரியம் முடிஞ்சதுமே மீட்டர கழட்டிட்டுப் போயிட்டாங்களே.”

முருகையா அப்பாவோடு புகைக்கூடத்தில் வேலை செய்தவர். இருவருக்கும் ஒரே நெஞ்சு நோய். அவருக்கு முன்னால் வந்தது, அவ்வளவுதான். அவர் இறந்ததும் மகள் லோகேஸ்வரி வீட்டைக் காலி செய்தபோது, “மாமாவுக்கு ஒதவட்டும்” என்று ஆக்சிஜன் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாதவி புதுக் குழாய் மாட்டினாள், வடிகட்டியை மாற்றினாள். மெஷின் மட்டும் அவருடையது.

“அவரை நீங்கதானே முதல்ல பாத்தீங்க?”

“ஏன் கேக்கிற?”

“சும்மாதான்.”

தனலெட்சுமி வாசலைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள். “கரண்டு போயி வந்திருக்கு. வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு. நான் பாக்கிறப்ப மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு, மூக்குல குழாய். நான்தான் சுவிட்ச அடைச்சேன். வாயி தெறந்து, நெஞ்சு தூக்குனது தூக்குன மாதிரி... இழுத்த மூச்ச விடாமலே போயிட்டாரு போல. போடி, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது. அப்பாவப் போய்ப் பாரு.”

உண்மையைத்தான் சொல்கிறாளா? முழுவதையும் சொல்கிறாளா? அக்கா கதவைப் பூட்டி, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்த மோட்டாரின் சத்தம் செம்பனைக் காட்டுக்குள் தேய்ந்து மறைந்த பிறகு, தூரத்து லாரிப் பாதையின் இரைச்சலும் ஓய்ந்து, ஈர மண்ணும் அழுகிய குலைகளும் கலந்த மணத்தோடு இருட்டு முற்றம்வரை வந்து நின்றபோது, லயம் முழுவதிலும் கேட்டது ஆக்சிஜன் மெஷினின் ஓசை ஒன்றுதான்: ஓர் ஊதல், ஒரு முனகல், மறுபடி ஓர் ஊதல்.

அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். குழாயை விரலால் தொட்டுக்கொண்டார்.

“மெஷின் சரியா ஓடுதாப்பா?”

“ஓடுது.” மூச்சு வாங்கினார். “ஆனா... யாரோ கூடவே இழுக்கிறாப்ல இருக்கும்மா. நான் இழுக்கிறதுக்குள்ள... அந்தப் பக்கம் போயிடுது.”

“குழாய் மடங்கியிருக்கும்ப்பா.”

முழுக் குழாயையும் கையால் தடவிப் பார்த்தாள். எங்கும் மடங்கவில்லை.

விளக்கு மங்கியது. கூடத்துப் பிளக்கில் சொருகியிருந்த மீட்டரில் எண் வழுக்கியது. நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபது. புகை வாசம். பிறகு மெல்ல ஏறியது. அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி இறக்கம். மறுபடி ஏற்றம். பழுதான கம்பி இப்படி இறங்காது. அது துடிக்கும், வெட்டும், பொறி தட்டும். இது ஒரே சீராக இறங்கி, ஒரே சீராக ஏறியது. தூங்குகிறவரின் மார்பைப் போல. அப்பாவின் மூச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒத்துப்போகவில்லை. அப்பாவுடையது சிறிய, அவசரமான மூச்சு. இது பெரியது. நிதானமானது.

நான்தான் இல்லாத ஒழுங்கைப் பார்க்கிறேனோ என்று நினைத்தாள். அப்பாவின் உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அது மட்டும் அவளாக நினைத்துக்கொண்டதல்ல. ஆம்புலன்ஸை அழைத்தாள். வருவதாகச் சொன்னார்கள், தோட்டத்துச் சாலையில் வந்து சேர நேரமாகும்.

விலக்காமல் மிச்சமிருந்தது ஒன்றுதான். வீடு.

மெயின் சுவிட்சை இறக்கினாள். விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. யூபிஎஸ்ஸின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவினாள். இப்போது பேட்டரி, மெஷின், அப்பா. வெளியிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே வரவில்லை. இதற்கு மேல் யாராலும் எதையும் இழுக்க முடியாது.

இருட்டில் பச்சைப் பொட்டாக யூபிஎஸ் விளக்கு. மெஷின் ஓடியது. ஊதல். முனகல். ஊதல்.

பச்சைப் பொட்டு மங்கியது.

மெஷினின் குரல் கீழே இறங்கியது. இறங்கி, நெடுநேரம் அங்கேயே நின்று, பிறகுதான் ஏறியது. முன்னைவிட நீளம். பேட்டரியில் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். நான் மலிவாக வாங்கிய பேட்டரி. என் தப்பு. ஆனால் புகை வாசம் இப்போது கூடம் முழுக்க நிறைந்திருந்தது.

“முருகையா...” என்றார் அப்பா, இருட்டில். அழைப்பதுபோல அல்ல. அடையாளம் கண்டுகொண்டதுபோல.

“அப்பா?”

மூச்சு மட்டும். சின்னச் சின்னதாக.

அப்போதுதான் ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். முற்றத்தின் கோடியில், மூன்றாவது வீட்டுக்கு எதிரே நின்ற செம்பனை மரங்களின் அடித்தண்டுகளில் வெளிச்சம் விழுந்திருந்தது. மெஷினின் குரல் இறங்கியபோது அந்த வெளிச்சம் கூடியது. மெஷின் தேறியபோது குறைந்தது.

இங்கே இறங்க, அங்கே ஏற.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது கோபம். யாரோ கம்பி போட்டிருக்கிறார்கள். காலி வீடென்று நினைத்து எவனோ நுழைந்திருக்கிறான். அக்காவுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் கை நின்றது, அதனால்தான் அந்த அவசரம். பேட்டரி பற்றிய கேள்வியை மனதின் ஓரத்துக்குத் தள்ளினாள். அந்தக் கம்பியை வெட்டினால் அப்பா மூச்சு விடுவார். அது ஒன்றே போதும்.

“இதோ வந்துடுறேன்ப்பா.”

குறடு. டெஸ்ட் பேனா. கைவிளக்கு. நடுவீட்டைத் தாண்டினாள். ஈரப்புல் கணுக்காலில் ஒட்டியது. பின்னால் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியிருந்தது. லயத்தின் மெல்லிய சுவர்களைத் தாண்டி ஒவ்வொரு கத்தலும் தெளிவாகக் கேட்டது.

மூன்றாவது வீட்டின் தாழ்வாரத்தில் கைவிளக்கை உயர்த்திப் பார்த்தாள். கம்பத்திலிருந்து வந்த கம்பி கூரைக்கு எட்டாமலே வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு நாடா சுற்றிக்கிடந்தது. மீட்டர் இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு. புதுக் கம்பியைத் தேடினாள். கூரை விளிம்பில். கதவிடுக்கில். தரையில்.

எங்கும் இல்லை.

வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஜன்னல் கண்ணாடித் தகடுகளின் இடுக்கில் வெளிச்சம் ஏறியது. இறங்கியது. கைவிளக்கை அணைத்தாள். ஏன் அணைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு தகட்டை விரலால் நெம்பினாள்.

வெற்றுக் கூடம். கூரையில் ஒரு ஹோல்டர். அதில் பல்பு இல்லை. வெளிச்சம் இருந்தது.

நடுவில் ஒரு நாற்காலி. லோகேஸ்வரி வீட்டைத் துடைத்தெடுத்துக்கொண்டு போனாள். மாதவிதான் கூட நின்று சாமான் ஏற்றினாள். அன்று இங்கே நாற்காலி இல்லை.

அதில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கைவைத்த பனியன். புகை படிந்த பழுப்பு. தோள்கள் மெல்ல ஏறின. வெளிச்சம் ஏறியது. தோள்கள் இறங்கின. வெளிச்சம் இறங்கியது.

பின்னால் யூபிஎஸ் வேகமாகக் கத்தியது. இடைவெளி குறைந்தது. அப்பாவின் இருமல். ஒன்று. பிறகு பாதி.

ஓட வேண்டும். விரல் தகட்டிலேயே இருந்தது.

தலை திரும்பியது. முதலில் காது. பிறகு கன்னம். ஒட்டியிருக்க வேண்டிய கன்னம். ஒட்டவில்லை. நன்றாகத் தேறிய, ரத்தம் ஓடுகிற கன்னம். மூக்கில் குழாய் இல்லை. முருகையாவின் கண்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவை நடுவீட்டுச் சுவரைப் பார்த்தன. சுவருக்கு அப்பால். அவள் வீட்டை.

வாய் திறந்தது. நெஞ்சு எழுந்தது.

வெளிச்சம் ஏறியது.

யூபிஎஸ்ஸின் கத்தல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விடாத ஒரே சத்தமாக நீண்டன.

இப்போது இறங்கும். இப்போது விடுவார். அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் விட்டாரே. விடுங்கள் மாமா. விட்டுவிடுங்கள்.

நெஞ்சு இன்னும் எழுந்தது.

சத்தம் அறுந்தது. மெஷின் இல்லை. இருமல் இல்லை. லயத்தில் எதுவுமே இல்லை.

கூடம் வெள்ளையாகிவிட்டது, சுவர், தரை, நாற்காலி எதுவும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தின் நடுவே நெஞ்சு மட்டும் எழுந்துகொண்டிருந்தது. காற்றில்லாத முற்றத்தில் செம்பனை ஓலைகள் ஒவ்வொன்றாக ஜன்னலின் பக்கம் சாய்ந்தன. அவள் கூந்தல் முன்னால் பறந்து கண்ணாடித் தகடுகளின் இடுக்கில் நுழைந்தது.

அவர் இன்னும் விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார்.