துண்டுக்குள் முடிந்த விலை

கிளாடிஸின் வலது கை ஆள்காட்டி விரலுக்கு அன்றைக்கு விலை ஆயிரம் ரூபாய். நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டாயிரம். கட்டைவிரல் நீங்கலாக நான்கையும் மொத்தமாக அள்ளிப் பிடித்தால் நாலாயிரம். சூலூர் தாண்டிக் கூடும் அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுச் சந்தையில் சுண்டல் விற்கிறவனுக்குக்கூட இந்த விலை தெரியும். தெரியாத ஒரே ஆள், விரலுக்குச் சொந்தக்காரிதான்.

அவள் மாடு வாங்க வரவில்லை. எரு வாங்க வந்தாள். ஆறு மணி ஆராதனை முடித்து, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு, சாணியில் கால் வைக்காமல் நடக்க முயன்று, நாலாவது அடியில் அந்த முயற்சியைக் கைவிட்டிருந்தாள். பின்னால் அஃபானும் பிரவீனாவும். இருவரும் கல்லூரி முதல் வருஷம். கையில் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அதுதான் மொத்தத் தோட்டக் குழுவின் சொத்து.

சிங்காநல்லூரில் அவர்கள் குடியிருப்பின் நடுவே எட்டு சென்ட் பொது இடம். இத்தனை வருஷம் அங்கே விளைந்தது உடைந்த செங்கலும் சிமெண்ட் சாக்கும்தான். அங்கே காய்கறி போடுகிறோம் என்று பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் பாலுசாமிக்கு அந்த இடத்தில் தன்னுடைய இரண்டாவது காரை நிறுத்த ஆசை. ஆனாலும் நியாயஸ்தர். மார்கழிக் கூட்டம் வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் காய் காய்த்தால் தோட்டம், இல்லையென்றால் தளக்கல் பதித்து பார்க்கிங். விண்ணப்பத்தில் பெரியவர் ஒருத்தர் கையெழுத்து வேண்டுமாம். வேலை முடித்துச் சாவியைத் துழாவிக்கொண்டு வாசலில் நின்ற கிளாடிஸிடம் நீட்டினார்கள். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் போட்டுக் கொடுத்தாள். முப்பத்து மூன்று வயதில் அவள் தலைவியான கதை அவ்வளவுதான்.

மண் செத்த மண். எரு இல்லாமல் எதுவும் முளைக்காது. எரு என்றால் மதன்குமாரைப் பாருங்கள் என்று சந்தையில் மூன்று பேர் சொன்னார்கள்.

மாட்டுத் தரகன் என்றதும் அவள் பெரிய மீசையை எதிர்பார்த்தாள். வந்தவனுக்கு மீசை சுமார்தான். கண்கள்தான் பெரியவை... ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவனின் கண்கள், பல வருஷத் தூக்கத்தைக் கடன் வைத்திருக்கும் கண்கள். தினமும் கண்ணாடியில் தான் பார்க்கிற அதே கண்கள் ஓர் ஆண் முகத்தில் எப்படி வந்தன என்று ஒரு விநாடி திகைத்துப் போனாள்.

"எத்தன லோடு வேணுமுங்க அம்மணி?"

"ஒண்ணு போதுங்க. நல்லா மக்கினதா..."

தோளில் கிடந்த துண்டைத் தன் வலது கைமேல் போட்டு நீட்டினான். அவள் துண்டைப் பார்த்தாள். கையைத் துடைக்கச் சொல்கிறானா?

"உள்ள கை குடுங்க. வாய் உட்டுச் சொன்னா, அந்தா நிக்கறாரு பாருங்க, அஞ்சு லோடுக்காரரு, அதே வெல எனக்கும் போடும்பாரு."

கொடுத்தாள். துண்டின் இருட்டுக்குள் ஒரு சொரசொரத்த கை அவளுடைய நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்தது. பிடித்து... காத்திருந்தது.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. கிளாடிஸுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எட்டு வருஷமாக, விடிந்தால் நாற்பது பேர் கையை நீட்டுவார்கள். நீட்டிய கையின் மோதிர விரலைப் பிடித்து, நுனியை அமுக்கி, ரத்தம் திரண்டதும் குத்துவாள். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. இன்றைக்கும் ஒரு கை நீண்டிருக்கிறது... அவள் விரல்கள் தாமாகவே நழுவி வந்து, அவனுடைய மோதிர விரலை மட்டும் பிடித்து, மெதுவாக அமுக்கின.

மதன்குமார் அப்படியே நின்றான். இமைக்கவில்லை. பதினாறு வருஷத் தரகில் எந்தக் கையும் சொல்லாத ஒன்றை அந்தக் கை சொல்லியிருந்தது.

"...முடிச்சுக்கலாமுங்க" என்றான் கடைசியில். "ஆயிரம் குடுங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்காவைப் போலப் பேரம் பேச ஆளில்லை என்று பிள்ளைகள் கொண்டாடினார்கள். அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வலது கையை மட்டும், ஏனோ, மடியில் பத்திரமாக மூடி வைத்திருந்தாள்.

எரு வந்தது. எருவோடு அவனும் வந்தான். அடுத்த சனிக்கிழமை, எரு பிடித்திருக்கிறதா பார்க்க வந்தேன் என்றான். அதற்கடுத்த சனிக்கிழமை, பார்த்தது போதவில்லை என்றான். கத்தரி நாற்று நட்டார்கள். கொத்தவரை, அரைக்கீரை போட்டார்கள். குழி ஆழமாகிவிட்டது, நாற்று சாய்ந்துவிட்டது என்று பிரவீனாவை அவன் அதட்டுகிற சாக்கில் கிளாடிஸின் பக்கம் ஒரு பார்வை வந்து போகும். அவளும் களை பிடுங்குகிற சாக்கில் கீரையைப் பிடுங்குவாள்.

என்ன வேலை என்று கேட்டான். ரத்தம் எடுக்கிற வேலை என்றாள்.

"அப்ப நீங்களும் நானும் ஒரே தொழிலுங்க" என்றான். "நீங்களாச்சும் ஊசி போட்டு எடுக்கறீங்க."

சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்புறம்தான் நினைத்தாள். அதை நினைத்ததும் களைப்பாகவும் இருந்தது. பெண் பார்க்க வந்து போனவர்களுக்கு அவள் வீட்டில் எத்தனை தட்டு கேக் ஆயிற்று என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அவனுக்கும் அதே பாடு. மாட்டுத் தரகனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை, அம்மா பழனாத்தாள் முப்பது வீட்டு வாசல் மிதித்துவிட்டாள் என்று, மாட்டுக்குப் பல் பார்த்துச் சொல்கிற மாதிரி, முகம் மாறாமல் சொன்னான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரே தகரக் கொட்டகைக்குள். தகரத்தில் மழை பேசுகிற சத்தம்... கிளாடிஸின் இமையில் ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்ற மதன்குமாரை அஃபான் கலைத்தான். துண்டு போட்டு விலை பேசுவதைக் கற்றுத் தரச் சொன்னான்.

"ஆள்காட்டி ஒண்ணு. அதோட நடுவெரலு, ரெண்டு. இப்பிடியே நாலு வெரலும் சேத்துப் புடிச்சா நாலு. ஆயிரமா நூறான்னு சரக்கப் பாத்தாத் தெரியும் கண்ணு."

"ஒண்ணுன்னா எந்த விரலையும் பிடிக்கலாங்களாண்ணா?"

"ஆள்காட்டி மட்டுந்தான். மத்தத தனியாப் புடிச்சா... அப்பிடிக் கணக்கே கெடையாது."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான். கிளாடிஸ் தன் நான்கு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் கேட்டது நாலாயிரம். தான் பிடித்தது மோதிர விரலை, அது ஒன்று என்ற கணக்கிலேயே வராது. அப்படியானால் மூவாயிரம் ரூபாயை இந்த மனிதன் போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறான். யாருக்காக... எதற்காக?

வேறு பெண்ணாக இருந்தால் மனம் குளிர்ந்திருக்கும். கிளாடிஸோ ஞானாபரணத்தின் மகள். அவர் வேலை பார்த்த மில் மூடிய நான்கு வருஷம், மாதம் ஒரு அரிசிப் பை சபையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரும். பை வந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். அன்றைக்கு ஒரு சபதம் செய்தாள், இனி யாருடைய தர்மமும் தன் வீட்டு வாசல் ஏறாது என்று. சபதத்துக்கு வயது இருபத்தொன்று. இன்னும் திடகாத்திரமாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, வேலையிடத்துக் கவரில் மூவாயிரம் போட்டு, பிள்ளைகள் பார்க்க நீட்டினாள். எங்களுக்கு யார் தயவும் வேண்டாம் என்றாள். குரல் தேவைக்கு மேல் ஓங்கியது. பாதியிலேயே அவளுக்கு அது தெரிந்தது. ஆனால் நிறுத்தத் தெம்பு வேண்டுமே.

அவன் கவரை வாங்கவில்லை.

"துண்டுக்குள்ள முடிஞ்சத வெளிய எடுத்து எண்ணக் கூடாதுங்க" என்றான், மெதுவாக. "எண்ணுனா... அப்புறம் என் கைக்கு மதிப்பில்லீங்க."

போய்விட்டான். நான்கு சனிக்கிழமை வரவில்லை. கத்தரி மட்டும் எந்த ரோசமும் இல்லாமல் பூத்தது.

கிளாடிஸ் தினமும் நாற்பது விரல் பிடித்தாள். நாற்பதும் விரலாகத்தான் இருந்தன. ஒவ்வொரு தடவை மோதிர விரலை அமுக்கும்போதும் ஒரு துண்டின் இருட்டு ஞாபகம் வந்தது. 'என்ன பைத்தியக்காரத்தனம் இது... எரு விற்கிறவன்...' என்று தன்னையே அதட்டினாள். அதட்டி முடித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் தெருமுனை தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

மார்கழிக் கூட்டம் வந்தது. பாலுசாமி எழுந்து செருமினார். தன் வீட்டுக்காரம்மா ஒன்றரை மாதமாகக் கடையில் கீரையே வாங்கவில்லை, வீட்டுக் கொத்தவரைப் பொரியலும் இந்தத் தோட்டத்துச் சரக்குதான் என்பது தனக்கு நேற்றுத்தான் தெரியவந்தது என்றார். இரண்டாவது கார் தெருவிலேயே நிற்கட்டும் என்றார். அதோடு விடாமல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் இடத்தையும் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும், எருவுக்குச் சங்கம் நாலாயிரம் தரும் என்றார். பிள்ளைகள் கிளாடிஸைக் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. தோட்டம் பிழைத்துவிட்டது. பிழைக்க வைத்த ஆள் அங்கே இல்லை.

இரண்டாவது லோடுக்கு யாரைப் போய்க் கேட்பது? யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, அவளே பஸ் ஏறினாள். தனியாக.

சந்தையில் தூறல். மாடுகள் முதுகில் புகை மாதிரி ஈரம். அவன் ஒரு புளிய மரத்தடியில் கொம்பு சீவிய காளை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் காளையை மறந்தான்.

"எரு வேணுங்க. ஒரு லோடு."

தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அது நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்தான், உதறினான், திரும்பப் பிழிந்தான். அவளுக்கே தாங்கவில்லை.

"உடுங்க" என்று தன் வெள்ளைச் சேலையின் முந்தானையை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டாள்.

பக்கத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் விலையை மறந்து நின்றார்கள். கிளாடிஸ் அவர்களைப் பார்க்கவில்லை. வெட்கப்படக்கூட இன்றைக்குக் களைப்பாக இருந்தது. அவனுடைய நான்கு விரல்களையும் அழுத்திப் பிடித்தாள். நாலாயிரம். நியாயமான விலை.

அவன் தலையசைத்து மறுத்தான். பழைய மூவாயிரத்தையும் சேர்த்துக் கேட்கப் போகிறானா? கேட்டால் கொடுத்துவிடலாம், கவர் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது... ஆனால் அவன் விரல்கள் எந்த எண்ணையும் சொல்லவில்லை. தயங்கித் தயங்கி வந்து, அவளுடைய மோதிர விரலை மட்டும் பிடித்தன. மெதுவாக அமுக்கின.

கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"இது எவ்வளவுங்க?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்ன வெலதானுங்க. மூணு மாசமாக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்... வெளங்கல."

"அது வெல இல்லீங்க. ரத்தம் எடுக்கற பழக்கம். நீட்டுன கையில அந்த விரலத்தான் புடிப்பேன்... தெரியாமப் புடிச்சுட்டேன்."

அவன் முகம் விழுந்தது. "ஓ... சும்மா புடிச்சதுங்களா."

"அன்னிக்குச் சும்மாதானுங்க." ஒரு துளி அவள் இமையில் வந்து நின்றது. மழையா என்று சொல்ல முடியாது. "இன்னிக்கு நீங்க புடிச்சிருக்கறது?"

"சும்மா இல்லீங்க."

அவ்வளவுதான். காளை ஒன்று கத்தியது. எங்கேயோ டீ ஆற்றுகிற சத்தம்.

"நீங்க எங்களுக்குத் தர்மம் பண்ணினீங்கன்னு நெனச்சேனுங்க..."

"தர்மமா?" முதல் தடவையாக அந்தத் தூங்காத கண்கள் சிரித்தன. "நான் மாட்டுத் தரகனுங்க அம்மணி. தர்மம் பண்ற மூஞ்சியா இது? அந்தக் கை இன்னொருக்கா நம்ம கைக்கு வருமான்னு... துணிஞ்சு போட்ட மொதலுங்க அது."

அவள் தலை குனிந்தாள். முந்தானைக்குள், அவனுடைய மோதிர விரலைத் தேடிப் பிடித்தாள். தெரிந்தே பிடித்தாள். இத்தனை வருஷம் ஊரார் கையையெல்லாம் பிடித்து அலுத்த விரல்கள், இறங்க இடம் கிடைத்த மாதிரி, அங்கேயே ஓய்ந்து கிடந்தன.

ஆக, கணக்கு இதுதான். இரண்டாவது லோடு எரு, நாலாயிரம்: சங்கத்துப் பணம், கைமேல் கொடுத்தாயிற்று. முதல் லோடில் போன மூவாயிரம்: முதல் போட்டவன் திருப்பிக் கேட்கவில்லை, கவர் கைப்பையிலேயே திரும்பியது. சாணிக் கறை பட்ட வெள்ளைச் சேலை: செலவு. வரவு: ஆளுக்கு ஒரு விரல். பாக்கி: சிங்காநல்லூரில் ஞானாபரணத்துக்கும், அவன் வீட்டில் பழனாத்தாளுக்கும் சொல்ல வேண்டிய சேதி. அது இரண்டும் பெரிய பாக்கி, எந்தத் துண்டு போட்டும் மூட முடியாதது. அடைக்க யார் முதலில் போவது என்று பஸ் வரும் வரைக்கும் இருவரும் பேரம் பேசினார்கள். முடியவில்லை.

பஸ் வந்தது. பாக்கி நிற்கிறது.