சாணம் இல்லாத பட்டிப்பொங்கல்

பதினான்கு மாடுகள் நிற்கும் கட்டுத்தறியில் ஒரு கூடைச் சாணம் கிடைக்கவில்லை. பட்டிப்பொங்கலன்று சாணத்தால் நாலு பக்கமும் கரை பிடித்து, நடுவில் தண்ணீர் ஊற்றித் தெப்பக்குளம் கட்டி, மாடுகளை அதில் இறக்கித் தாண்டவிட வேண்டும். மாட்டுக்காரர் சென்னியப்பன் கொஞ்சமும் கவலைப்படாமல், பக்கத்து ஊரில் சாணம் வாங்கிவரப் பையோடு கிளம்பினார். வாசலில் எதிர்ப்பட்ட கால்நடை மருத்துவர் அங்கயற்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சென்னியண்ணா, எத்தன நாளா சாணி இல்ல?"

"நாலஞ்சு நாள் இருக்குமுங்க டாக்டரம்மா. கூட்டற வேல மிச்சமுங்க."

மூன்று வருடம் மழை பொய்த்தபோது பால் சங்கம் கண்டுபிடித்துக் கொடுத்தது அமைதிமணி. அரிசி அளவு இருக்கும். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பார்கள். மூளை தானாகவே சுரக்கும் ஒரு புரதத் துணுக்கை, அபினுக்கு உறவுக்காரனை, அது சொட்டுச் சொட்டாக விடும். குடல் மெதுவாகும். தின்ற சோளத்தட்டு இரட்டிப்பு நேரம் உள்ளே கிடந்து கடைசிச் சத்துவரை கொடுக்கும். பாதித் தீவனம், அதே பால். மாடு உதைக்காது, கத்தாது. மறுவருடமே மனிதர்களுக்கும் வந்தது. ஒருவேளைச் சோறு போதும் என்றதும் ஊரே வரிசையில் நின்று வைத்துக்கொண்டது. அங்கயற்கண்ணி வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்த ஊரில் கோபப்படத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

செவலைப் பசுவின் இடது விலாவில் முஷ்டியை வைத்து அழுத்தினாள். நிமிடத்துக்கு ஒரு முறையாவது இரைப்பை உள்ளிருந்து கையைத் தள்ள வேண்டும். ஐந்து நிமிடம் நின்றாள். ஒன்றுமில்லை. வயிறு கல்லாக உப்பியிருந்தது. காதில் தொங்கிய நலங்காட்டியோ பச்சையாக எரிந்தது.

"இது செத்துட்டு இருக்குதுங்கண்ணா."

"நல்லாத்தானுங்க நிக்குது. பச்சை காட்டுதுங்களே."

"வலியக் கொன்னுட்டா பச்சைதான் காட்டும்! மணிய எடுக்கணும். சம்மதம் சொல்லுங்க."

"சங்கத்துல சொல்லாம மாட்டுமேல கை வெக்கப்படாதுங்க. பொங்கல் போகட்டும், பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் சென்னியப்பன். அந்தச் சிரிப்பை என்ன செய்வது? செவலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அங்கயற்கண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"சரி, உங்க காதுல இருக்கறத எடுக்கட்டுங்களா?"

"அதுக்கென்னுங்க, எடுங்க."

கீறி எடுத்தாள். முறிவு மருந்தையும் ஏற்றினாள். கால் மணி நேரத்தில் சென்னியப்பனின் வயிறு உறுமியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினார். பிறகு தலையைத் தூக்கிச் செவலையைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றரை வருடம் காணாமல் போயிருந்த மனிதன் இருந்தான்.

"அடப் பாவிகளா! எம் மாட்ட என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க? எடுங்க டாக்டரம்மா! எல்லாத்துக்கும் எடுங்க!"

பதினான்கு மணிகளும் வெளியே வந்தன; மாடுகளுக்கும் முறிவு மருந்து ஏறியது. செவலை முதலில் நீளமாக ஏப்பம் விட்டது, பிறகு கத்தியது, பிறகு கொட்டகை அதிர உதைத்தது. அதன்பின் விழுந்த சாணத்தைப் பார்த்து அங்கயற்கண்ணி கைதட்டிவிட்டாள்.

நலங்காட்டிகள் அத்தனையும் சிவந்து சங்கத்துக்குத் தகவல் போனதால் சங்கத்து மேற்பார்வையாளர் பரிதிவாணன் வந்து சேர்ந்தார். அவர் காதிலும் மணி இருந்தது.

"நாளையிலிருந்து உங்க பால எடுக்க மாட்டோமுங்க," என்றார் இனிமையாக.

"எடுக்காட்டிப் போ! எங் கண்ணுக்குட்டி குடிக்கட்டும்! பட்டிய விட்டு வெளியே நட!"

பரிதிவாணன் வணக்கம் சொல்லிவிட்டுப் புன்னகையோடு போனார். சண்டைக்கு ஆளனுப்பும் அளவுக்கு ஆத்திரம் சங்கத்தில் யாரிடமும் மிச்சமில்லை.

சத்தம் கேட்டு ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். வேடிக்கையாக இருக்கிறதே என்று, தங்களுக்கும் எடுத்துவிடச் சொல்லி வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் சென்னியப்பன் வீட்டுக்குள் ஓடினார். சுவரில் மாட்டியிருந்த மனைவி ராமாத்தாளின் படத்தைப் பிடித்துக்கொண்டு கதறினார். அவள் இறந்து ஏழு மாதமாகிறது. எரித்துவிட்டு வந்த அன்று அவர் வழக்கம்போலப் பால் கறந்திருந்தார்.

வரிசையில் நின்றவர்கள் வாசல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"திரும்பி வர்றது பசி மட்டும் இல்லீங்க," என்றாள் அங்கயற்கண்ணி. "அதோட சேந்து எல்லாமே வரும். நல்லா யோசிச்சுக்குங்க."

ஆறு பேர் புன்னகையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அவளுக்குத் தடுக்க மனம் வரவில்லை. மீதி மூவரில் முன்னால் நின்ற நாச்சாத்தாள் வெள்ளைத் தலைமுடியை ஒதுக்கிக் காதை மடக்கிக் காட்டினாள்.

"எடு கண்ணு. எம் பையன் போய் ஒரு வருசமாச்சு. நான் அவனுக்கு இன்னும் அழுகவே இல்ல."